அம்மா உட்காரும் இடத்தில் நோட்டைத் திறங்கள்

கேள்வி இதுதான்: "ஜூனில் அம்மாவை அழைத்துக்கொண்டு இரண்டு வாரம் பாரிஸ் போகிறேன். அம்மாவுக்கு 62 வயது, முழங்கால் வலி உண்டு, இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். படம் வரைந்து பக்கத்தில் எழுதி ஒரு பயண நோட்டு போட ஆசை. சுமாராகத்தான் வரைவேன். என்னென்ன வாங்க வேண்டும், எங்கே உட்கார்ந்து வரையலாம்? நான் வரைந்துகொண்டிருந்தால் அம்மாவுக்குச் சலிப்பாக இருக்காதா?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. 2025 ஏப்ரலில் நானும் அம்மாவும் பதினாறு நாள் பாரிஸில் இருந்தோம். அம்மா ஈரோட்டில் முப்பது வருடத்துக்கு மேல் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்தவர். இப்போது தைப்பதில்லை, கால் ஒத்துழைப்பதில்லை. நான் இருபது வருடமாகப் போகிற ஊரிலெல்லாம் வரைகிறேன், சிலருக்குச் சொல்லியும் தருகிறேன். அதனால் எல்லாம் தெரியும் என்று நினைத்துப் போனேன். முதல் இரண்டு நாள் என் பட்டியல்படி ஓடினோம். ஈஃபல் கோபுரம், மோன்மார்த்ர் படிக்கட்டு, நதிக்கரை. மூன்றாம் நாள் காலை பலே ருவயால் தோட்டத்தில் அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, "நீ போய்ப் பாத்துட்டு வா கண்ணு, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றார். ஷூவைக் கழற்றிவிட்டார். கால் வீங்கியிருந்தது.

எனக்கு முதலில் கோபம், அப்புறம் வெட்கம். நானும் உட்கார்ந்துவிட்டேன். செய்ய வேறு வேலை இல்லாததால் நோட்டைத் திறந்தேன். அதுவரை இரண்டே பக்கம் வரைந்திருந்தேன், இரண்டும் நின்றபடி அவசரமாகப் போட்டவை. அன்றைக்கு வரைந்தது சரளைக் கல்லின் மேல் அம்மாவின் இரண்டு பாதம், பக்கத்தில் காலுறை செருகிய ஷூ, பின்னால் வரிசையாக வெட்டிவிட்ட மரங்கள். ஒரு மணி நேரம் ஆனது. அந்த நோட்டில் நல்ல பக்கம் என்று நான் சொல்லக்கூடிய முதல் பக்கம் அதுதான். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே விதி: அம்மா எங்கே உட்காருகிறாரோ அங்கே நோட்டு திறக்கும்.

யோசித்துப் பாருங்கள். வரைபவருக்கும் முழங்கால் வலி உள்ளவருக்கும் தேவை ஒன்றேதான், உட்கார ஓர் இடமும் அவசரமில்லாத அரை மணியும். ஒரு நாளைக்கு இரண்டு இடம், அவற்றுக்கு நடுவில் நீண்ட உட்காரல் என்று திட்டம் போட்டால் உங்கள் நோட்டு நிறையும், அம்மாவின் காலும் தாங்கும். ஐந்து இடம் போட்டால் இரண்டும் நடக்காது.

சரி, நீங்கள் வரையும்போது அம்மா என்ன செய்வார்? வேலை கொடுங்கள். ஒப்புக்குக் கொடுக்கிற வேலை வேண்டாம், நோட்டுக்கு நிஜமாகவே தேவைப்படும் வேலையாக இருக்கட்டும். எங்களுக்கு அது நிறத்துக்குப் பெயர் வைப்பது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய முறை இருக்கிறது. டெலக்ருவா என்ற பிரெஞ்சு ஓவியர் 1832-ல் ஒரு தூதுக்குழுவோடு மொராக்கோ போனார். அங்கே அவர் நிரப்பிய குறிப்பேடுகளில் எஞ்சியவை சில லூவ்ர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. தெருவில் நின்று வண்ணம் தீட்ட நேரமில்லாத இடங்களில் பென்சிலிலோ பேனாவிலோ கோடு போட்டுவிட்டு, பக்கத்திலேயே எந்த இடம் என்ன நிறம் என்று வார்த்தையில் எழுதி வைத்துக்கொண்டார். வண்ணம் பிறகுதான். படமும் எழுத்தும் ஒரே பக்கத்தில் கலந்து கிடக்கும் அந்த நோட்டுகளைப் பார்த்தால், இன்று நாம் செய்ய நினைப்பதும் அதுதான் என்று தெரியும். இந்த முறை உங்களுக்கு அப்படியே பொருந்தும். இடத்தில் கோடும் நிறக்குறிப்பும், சாயங்காலம் அறையில் வண்ணம்.

நிறக்குறிப்பை அம்மாவிடம் கேட்டேன். நானாக இருந்தால் "இளமஞ்சள், சாம்பல்" என்று எழுதியிருப்பேன். அம்மா கட்டடங்களின் கல்லைப் பார்த்து, "வெளுக்காத காடா" என்றார். நூறு பேர் வர்ணித்தாலும் இவ்வளவு சரியாக வராது. பாரிஸின் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் அந்த ஊருக்கு அடியிலும் சுற்றுப்புறத்திலும் வெட்டியெடுத்த ஒரே வகைச் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை, அதன் நிறம் உண்மையிலேயே தறியிலிருந்து இறங்கிய காடாத் துணியின் நிறம்தான். கூரைகளின் துத்தநாகத் தகடு "பழசான அலுமினியச் சட்டி". (அந்தக் கூரை வேய்கிறவர்களின் தொழில் நேர்த்தியை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.) நதிக்கரைப் பழைய புத்தகக் கடைகளின் பெட்டி, தெருவோரக் குடிநீர்க் குழாய்த் தூண் எல்லாம் "பாட்டில் கிரீன், ஒரே பீஸில் வெட்டின மாதிரி". சூரியன் இறங்கின பிறகு கால் மணி நேரம் வானத்தில் நிற்கும் நீலத்துக்கு எம்.எஸ். ப்ளூ. பூத்த செஸ்ட்நட் மரத்தின் இலை கிளிப்பச்சை, ஒரு கதவு அரக்கு, இன்னொரு கதவு வாடாமல்லி. உங்கள் அம்மா தையல்காரராக இருக்க வேண்டியதில்லை. புடவை எடுக்கக் கடையில் நாலு மணி நேரம் உட்கார்ந்த எந்த அம்மாவுக்கும் நம்மைவிட நிறம் அதிகம் தெரியும். கடலை மிட்டாயோ மாவடுவோ, அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி பொருட்கள். குறைவாக எடுத்துப் போங்கள். ஒரு நோட்டு, ஏ5 அளவு, தாளின் கனம் சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறையாமல். 300 கிராம் இன்னும் நல்லது, ஆனால் நோட்டு கனமாகும், பக்கமும் குறையும். தைத்துக் கட்டிய நோட்டாக, முழுதாக விரிந்து கிடப்பதாகப் பாருங்கள். சுருள் கம்பி நோட்டில் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஒரு படம் போட முடியாது. ஒரு 2பி பென்சில். தண்ணீரில் கரையாத மை உள்ள ஒரு பேனா. கடைக்காரர் சொல்வதை நம்பாமல் வீட்டில் ஒரு கோடு போட்டு, ஐந்து நிமிடம் விட்டு, ஈரத் தூரிகையால் தடவிப் பாருங்கள். சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவே பெரும்பாலும் தாங்கும். வில்லையாக இருக்கும் நீர்வண்ணப் பெட்டி, பன்னிரண்டு நிறம் போதும். கேம்லினிலேயே கிடைக்கும். கைப்பிடிக்குள் தண்ணீர் நிரப்பும் வாட்டர் பிரஷ் ஒன்று. பழைய பருத்திக் கைக்குட்டை. நாலு பைண்டர் கிளிப். ஒரு பசைக் குச்சி.

வண்ணம் தீர்ந்தாலோ ஆசை வந்தாலோ அங்கே செனெலியே என்ற கடை இருக்கிறது, வால்தேர் கரையில், நதிக்கு அந்தப் பக்கம் லூவ்ர். 1887-ல் தொடங்கிய கடை. உள்ளே மரத்தாலான பழைய அலமாரிகள். அவர்களுடைய நீர்வண்ணத்தில் தேன் சேர்ப்பார்கள், அதனால் வில்லை காய்ந்து வெடிக்காது, தொட்டதும் நிறம் இறங்கும். எண்ணெய் பேஸ்டல் என்ற வண்ணக்குச்சியை 1949-ல் பிக்காசோவுக்காகச் செய்ததும் இந்தக் கடைதான். விலை கொஞ்சம் அதிகம். நான் இரண்டே வில்லை வாங்கினேன். அம்மா ஒரு சிறு நோட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பத்து எட்டு நடந்த பிறகு, "எனக்கும் ஒண்ணு இருந்தாத் தேவலை" என்றார். திரும்பிப் போய் வாங்கினோம். உங்களுக்குச் சொல்கிறேன், கிளம்பும் முன்பே அம்மாவுக்குத் தனியாக ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள். வரையத் தெரியாது என்பார். விலைவாசி எழுதட்டும்.

எங்கே உட்காரலாம் என்று கேட்டிருந்தீர்கள். லுக்ஸம்பூர் தோட்டம்தான் என் முதல் பதில். அங்கே பச்சை இரும்பு நாற்காலிகள் நூற்றுக்கணக்கில் இறைந்து கிடக்கும், யாரும் எடுத்து எங்கேயும் போட்டுக்கொள்ளலாம், காசு இல்லை. அவற்றில் சாய்ந்து உட்காரும் தாழ்வான வகையில் அம்மாவை உட்கார வைக்காதீர்கள், எழுந்திருக்கக் கஷ்டம். கை வைத்த நிமிர்ந்த வகையைத் தேடிப் பிடியுங்கள். நடுவில் எண்கோணக் குளம், குழந்தைகள் பாய்மரப் படகு விடும் இடம். நாங்கள் மூன்று மதியம் அங்கேயே இருந்தோம். எல்லாரும் அசையாமல் புத்தகம் படித்துக்கொண்டிருப்பதால் மனிதர்களை வரையப் பழக அதைவிட நல்ல இடம் கிடையாது.

அருங்காட்சியகங்களில் ஓர்செயில் அதிக நேரம் ஒதுக்குங்கள். 1900-ல் நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம் அது, 1986 டிசம்பரில் அருங்காட்சியகமானது. திங்கள் விடுமுறை. லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. பொதுவாக இந்த இடங்களில் சின்ன நோட்டும் பென்சிலும் வைத்து வரைய விடுவார்கள். தண்ணீர், வண்ணம், மை எல்லாம் பைக்குள்ளேயே இருக்கட்டும். லூவ்ரில் ஓவியம் வைக்கும் தாங்கியை நிறுத்தி எண்ணெய் வண்ணத்தில் நகலெடுப்பவர்களைப் பார்த்தால் வியக்காதீர்கள், அவர்கள் அனுமதி வாங்கியவர்கள். மூலப் படத்தின் அதே அளவில் நகல் எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. தகவல் மேசையில் கேட்டால் மடக்கு ஸ்டூலோ சக்கர நாற்காலியோ இரவல் தருவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஓர்செயில் பெர்த் மொரிசோ வரைந்த 'தொட்டில்' என்ற 1872-ஆம் வருடப் படத்தின் முன் உட்கார முடிந்தால் உட்காருங்கள். தொட்டிலில் குழந்தை, மெல்லிய வலைத் துணி, அதன் விளிம்பைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருக்கும் தாய். தாய் மொரிசோவின் அக்கா எத்மா, குழந்தை பிளான்ஷ். எத்மாவும் ஓவியம் கற்றவர்தான், கல்யாணத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். சகோதரிகள் இருவரும் இளம் வயதில் லூவ்ரில் நகலெடுத்துப் பழகப் போனபோது அவர்களுடைய அம்மா துணைக்குக் கூடப் போய் உட்கார்ந்திருப்பாராம், அந்தக் காலத்தில் நல்ல குடும்பத்துப் பெண்கள் தனியாகப் போக முடியாது. இதை அம்மாவிடம் சொன்னேன். "எத்தனை மணி நேரம் உக்காந்திருப்பாளோ பாவம், ஒருத்தரும் அவளை வரையலையா?" என்று கேட்டார். நல்லவேளையாக என்னிடம் பதில் இருந்தது. மொரிசோ தன் அம்மாவையும் எத்மாவையும் சேர்த்து ஒரே படத்தில் வரைந்திருக்கிறார், அம்மா கறுப்பு உடையில் புத்தகம் படிக்கிற மாதிரி. அந்தப் படம் வாஷிங்டனில் இருக்கிறது. அம்மா கொஞ்சம் சமாதானமானார். தொட்டில் படத்தில் அவர் பார்த்தது வலைத் துணியைத்தான். எத்தனை மடிப்பு, எங்கே சுருக்கு பிடித்திருக்கிறது என்று விரலால் காற்றில் காட்டினார். அவர் காட்டிய பிறகுதான் என் பென்சில் சரியாக நகர்ந்தது.

லூவ்ரில் கூட்டம் மோனா லிசா பக்கம் போகட்டும். விஜே லெப்ரன் என்ற பெண் ஓவியர் தன்னையும் மகள் ஜூலியையும் கட்டிப்பிடித்தபடி வரைந்த படம் அங்கே இருக்கிறது, 1789-இல் வரைந்தது. வெள்ளைத் துணி, இடுப்பில் சிவப்புக் கச்சை, ஒரு தோள் திறந்து. அந்த வருடம் அக்டோபரில், அரசியின் ஓவியராகப் பெயர் எடுத்துவிட்டதால் புரட்சிக்குப் பயந்து, ஒன்பது வயது ஜூலியை அழைத்துக்கொண்டு ராத்திரி வண்டியில் இத்தாலிக்குத் தப்பினார். வியன்னா, ரஷ்யா என்று சுற்றி, 1802-இல்தான் பாரிஸ் திரும்பினார். போன ஊரிலெல்லாம் வரைந்தே சம்பாதித்தார். தாயும் மகளும் சேர்ந்து போன வெளிநாட்டுப் பயணம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

நகராட்சி நடத்தும் கார்னவாலே, பெத்தி பலே இரண்டிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. மழை வந்தால் அங்கே ஓடுங்கள். பெத்தி பலேயின் நடு முற்றத்தில் தூண்களுக்குக் கீழே காபி குடித்துக்கொண்டே வரையலாம். நோத்ர் தாம் தேவாலயம் 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மறுபடி திறந்தது, உள்ளே போக இலவசம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் ரோஜாச் சன்னல்களை வரைய ஆரம்பித்து நான் குழம்பிப்போனேன். அம்மா என் நோட்டை வாங்கி நடுப்புள்ளி வைத்து, எட்டாகப் பிரித்து, பதினாறாக்கி, இரண்டு நிமிடத்தில் எலும்புக்கூட்டைப் போட்டுக் கொடுத்தார். வட்ட விரிப்பு வெட்டுகிற கணக்காம். அந்தக் கோட்டின் மேலேயே நான் நிறம் வைத்தேன்.

நகர்வதற்கு மெட்ரோவைவிடப் பேருந்து நல்லது. பழைய மெட்ரோ நிலையங்களில் படிக்கட்டு அதிகம், லிஃப்ட் அரிது. 69-ஆம் எண் பேருந்து ஈஃபல் பக்கமிருந்து கிளம்பி ஓர்செ, லூவ்ர், பாஸ்தீய் வழியாகப் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டம் வரை போகும். சன்னலோரம் இடம் பிடித்து முழுத் தூரமும் போனோம். ஓடும் வண்டியில் முழுப் படம் வராது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே ஒரு பொருள், கதவு, பால்கனிக் கம்பி, நாய், என்று ஒரு பக்கத்தில் வரிசையாகப் போட்டேன். வாட்டர் பிரஷுக்குத் தண்ணீர் வேண்டுமா, தெருவில் அந்தக் கரும்பச்சைக் குழாய்த் தூண்களைத் தேடுங்கள். ரிச்சர்ட் வாலஸ் என்பவர் 1872-இல் ஊருக்குக் கொடையாகத் தந்தவை, நாலு பெண்கள் சேர்ந்து கூரையைத் தாங்குகிற உருவம். குடிக்கவும் நல்ல தண்ணீர். ஜூன் வெயிலில் அம்மாவின் பாட்டிலையும் அங்கேயே நிரப்புங்கள்.

அம்மாவை வரைவது பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். கோபுரங்களின் படம் எல்லார் போனிலும் இருக்கிறது. உங்கள் நோட்டில் மட்டும் இருக்கப்போவது உங்கள் அம்மா அந்த ஊரில் எப்படி இருந்தார் என்பது. ஆனால் முகத்தில் தொடங்காதீர்கள், பயம் வந்துவிடும். கையில் தொடங்குங்கள், செருப்பில், கைப்பையில். என் அம்மாவின் கைப்பையை ஒரு மழை நாளில் மேசையில் கொட்டி முழுப் பக்கம் வரைந்தேன். டைகர் பாம், ஊக்குக் கொத்து, புளிப்பு மிட்டாய், மடித்த பிளாஸ்டிக் பை நாலு, மாத்திரை டப்பா, துணி அளக்கும் இஞ்சி டேப். இஞ்சி டேப்பை ஏன் பாரிஸ் வரைக்கும் கொண்டுவந்தார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனால் பின்னால் அது உதவியது, சொல்கிறேன். முகத்துக்கு வரும்போது பக்கவாட்டில் வரையுங்கள், அதுதான் சுலபம். விஸ்லர் என்ற ஓவியர் தன் அம்மாவை வரைந்த பிரசித்தமான படம் ஓர்செயின் சொத்து, 1871-இல் வரைந்தது. அவரும் முதலில் அம்மாவை நிற்கவைத்துத்தான் ஆரம்பித்தார். இரண்டு மூன்று நாளில் அந்த அம்மாவுக்குக் களைப்பு வந்துவிட்டதால் நாற்காலி போட்டுப் பக்கவாட்டில் உட்காரவைத்தார். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் படம் அப்படிப் பிறந்தது.

கேட்காமல் தூக்கத்தில் வரையாதீர்கள். நான் வரைந்தேன். ஏழாம் நாள் மதியம் அம்மா வாய் திறந்து தூங்கினதை, எனக்கு அது அழகாகத் தெரிந்ததால், முழுப் பக்கத்துக்குப் போட்டேன். சாயங்காலம் நோட்டைப் புரட்டியவர் ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தார். ராத்திரி சாப்பிடும்போதுதான், "அது நான் இல்லைங்கண்ணு, எங்கம்மா கடைசில படுத்திருந்த மாதிரி இருக்குது" என்றார். பாட்டி அதற்கு முந்தின வருடம்தான் இறந்துபோனார். எனக்கு அது உறைக்கவே இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம் என்று அம்மாவே சொன்னார். எதிர்ப்பக்கத்தில் பாட்டியைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், மூன்று பக்கம் போனது. பயணக் குறிப்பில் சண்டையும் வரட்டும், மனத்தாங்கலும் வரட்டும், ஆனால் அம்மா படிப்பார் என்ற நினைப்போடு எழுதுங்கள். அவர் படித்து, "இப்படி இல்லை, இப்படி" என்று ஓரத்தில் திருத்தம் போட்டால் அதையும் விட்டுவைங்கள்.

எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்றால், அம்மா பேசினபடி. ஓட்டலில் பால் சேர்த்த காபிக்குப் பணம் கொடுத்துவிட்டு, "ஏங்கண்ணு, ஒரு காப்பிக்கு நானூறு ரூவாயா?" என்றாரே, அந்த வாக்கியம் ஒரு பாராவுக்குச் சமம். (கவுண்டரில் நின்று குடித்தால் விலை குறைவு. பலகையில் இரண்டு விலையும் எழுதியிருப்பார்கள்.) அன்றைக்கே எழுதிவிடுங்கள். மறுநாள் நம் பேச்சு அதன்மேல் படிந்துவிடும்.

சாப்பாடு பற்றி நிறைய வரையலாம், ஏனென்றால் மேசையில் அசையாமல் இருக்கும். அம்மா சைவம். சமையலறை உள்ள வாடகை வீடாக எடுத்ததால் பிழைத்தோம். காலையில் பகெத் ரொட்டி, ராத்திரி சாதம், கண்ணாடிக் குப்பியில் வரும் கெட்டித் தயிர். அந்தத் தயிரை அம்மா ஒத்துக்கொண்ட அன்றைக்கு, குப்பியை வரைந்து கீழே "தேறிடுச்சு" என்று அவர் கையாலேயே எழுதினார். ஒன்பதாம் நாள் கறிவேப்பிலை தேடி லா ஷபெல் போனோம். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால், இலங்கைத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. கடைப் பலகையெல்லாம் தமிழில். பல்லாரியும் முருங்கைக்காயும் வாங்கும்போது கடைக்கார அக்கா, "எங்கயிருந்து வாறீங்கள், அம்மா?" என்றார். ஒன்பது நாளாக என்னைத் தவிர யாரோடும் பேசாத அம்மா அங்கே அரை மணி நேரம் பேசினார். நான் வெளியே நின்று பலகைகளை வரைந்தேன். பக்கத்தில் மாணிக்க விநாயகர் கோயில், 1985-இலிருந்து இருக்கிறது, அங்கேயும் போனோம். அந்த ஒரு நாளில் ஆறு பக்கம் நிறைந்தது. உங்கள் பயணத்திலும் இதை முதல் வாரத்திலேயே வைத்துவிடுங்கள், எங்களைப் போல ஒன்பது நாள் காத்திருக்க வேண்டாம்.

கிமே அருங்காட்சியகத்தையும் சொல்ல வேண்டும், ஆசியக் கலைக்கானது. சோழர் காலத்து நடராஜர் செப்புத் திருமேனி அங்கே இருக்கிறார். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "குளியாம, ஒரு பூவில்லாம நிக்கறாரே" என்றார். நான் படம் வரையவில்லை. அந்த வரியை மட்டும் நடுப்பக்கத்தில் எழுதி மீதியை வெற்றாக விட்டேன்.

ஒட்டுவதில் கவனமாக இருங்கள். இப்போது பயணச்சீட்டும் அருங்காட்சியகச் சீட்டும் பெரும்பாலும் அட்டையிலோ போனிலோ போய்விட்டதால் ஒட்டக் காகிதம் குறைவு. ரொட்டிக் கடைப் பை, சர்க்கரைப் பொட்டலம், பழத்தைச் சுற்றிய மெல்லிய தாள், இவை போதும். கடை ரசீதை ஒட்டாதீர்கள். வெப்பத்தில் அச்சாகும் தாள் அது, சில மாதத்தில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். ரசீதைப் பார்த்துக் கையால் எழுதுங்கள், அதுவே அழகாக இருக்கும். செலோ டேப் வேண்டாம், மஞ்சளாகிப் பக்கத்தைக் கெடுக்கும். வண்ணம் காயாமல் நோட்டை மூடாதீர்கள். அவசரத்தில் நான் மூடியதில் நோத்ர் தாம் பக்கமும் எதிர்ப்பக்கமும் ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது சன்னலின் ஒரு மூலை உரிந்துவிட்டது. பைண்டர் கிளிப்பால் பக்கங்களைத் திறந்து பிடித்து வைக்கத்தான் அந்த நாலு கிளிப். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அதனால் சாயங்காலம் வண்ணம் வைக்கச் சன்னலோரம் போதும், விளக்கு தேவைப்படாது. விளக்கு வெளிச்சத்தில் கலந்த நிறம் காலையில் வேறாகத் தெரியும்.

கடைசியாக ஒன்று. நோட்டின் கடைசி நாலு பக்கத்தை வெற்றாக விட்டுவிட்டு ஊர் திரும்புங்கள். ஒரு மாதம் கழித்து அம்மாவிடம் கொடுத்து, நினைவில் இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள், அல்லது அவரையே போடச் சொல்லுங்கள். ஈஃபல், லூவ்ர் எதுவும் என் அம்மாவுக்கு முதலில் வரவில்லை. வாடகை வீட்டு லிஃப்ட்தான் வந்தது. நானும் அவரும் ஒரு பெட்டியும் சேர்ந்து நிற்க முடியாத அளவுக்குக் குறுகலான லிஃப்ட். அங்கே இருந்தபோதே அதை இஞ்சி டேப்பால் அளந்து தன் சிறு நோட்டில் குறித்து வைத்திருந்தார், எனக்குத் தெரியாது. ரவிக்கைக்கு வெட்டுக் கோடு போடுகிற மாதிரி நேர்க்கோட்டில் வரைந்து, அகலம் 27, ஆழம் 31 என்று எழுதி, உள்ளே இரண்டு உருவம் போட்டார். ஒன்று உயரம், ஒன்று குட்டை, பெட்டி தலைமேல். குட்டையான உருவத்துக்குக் கீழே "நான்" என்று எழுதிவிட்டு, உயரமானதற்கு என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டார்.